கேம்ப் துணி

பின்கட்டில் பெண்கள் மங்களத்தைக் குளிப்பாட்ட வெந்நீர் சுமந்துகொண்டிருந்தார்கள். வீரமுத்துவோ முன்னால் கடைக்குள் நின்று பட்டாளத்துச் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி செத்துக் கிடக்கும்போது செய்கிற காரியமா அது? அது அவனுக்கும் தெரியும். ஆனால் கேம்ப்பிலிருந்து வந்தது முப்பத்தாறு சட்டை, பலகைமேல் இருந்தது இருபத்துநான்கு.

"பன்னெண்டு கொறையுதுக்கா," என்றான்.

அக்காள் சுப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி! அவ வெறைச்சுப்போய்க் கெடக்கா. இப்பத்தான் சட்டைய எண்ணுவியா?"

அவனுக்கு இருந்தது பேராசை அல்ல, பயம். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் தொடங்கி மூன்றாவது வருஷம். மலாக்கா அருகே டுரியான் துங்காலில் பட்டாளத்துக் கேம்ப் துணி வெளுக்கும் ஒரே டோபி அவன். ஒரு சட்டை காணாமல் போனால் போதும், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்குக் கொடுத்தாயா என்று கேட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்து ஊர்த் தையற்காரரை ஒரு கால்சட்டைக்காகக் கூட்டிப் போனார்கள். அவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

நாலு மாதத்துக்கு முன் மங்களம் கேட்டாள்.

"பாதித் துணிய வேலாயிகிட்ட குடுத்துருவோம்ங்க. எனக்கு முடியல லா."

"கேம்ப் துணிய வெளி ஆள் கையிலயா? ஒண்ணு தொலைஞ்சா உள்ள போறது நான். கொஞ்ச நாளைக்குப் பல்லக் கடிச்சுக்க."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. விடிந்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவாள், பொழுது சாய வருவாள். இவன் கடையில் நின்று இஸ்திரி போடுவான். இருமல் இருந்தது, மெலிந்தும் போனாள். ஆனால் சட்டைகள் முன்னைவிடச் சுத்தமாக வந்தன. கழுத்துப்பட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. வேலை பழகிவிட்டது என்று நினைத்தான். என் பெண்டாட்டி கைக்கு எவளும் நிற்க முடியாது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்தான்.

நேற்று வெறுங்கையோடு வந்தாள். "துணி காயல, காலையில எடுத்தாறேன்," என்று சொல்லிப் படுத்தவள், காலையில் எழுந்திருக்கவில்லை. எங்கே காயப்போட்டிருந்தாள் என்று அவனுக்குத் தெரியாது.

பின்வாசல் வழியாக வேலாயி வந்தாள். ஆற்றங்கரையில் தனியாகக் குடியிருக்கும் விதவை. அழுது முகம் வீங்கியிருந்தது. தலையிலிருந்த மூட்டையை வீரமுத்துவின் காலடியில் இறக்கினாள்.

"பன்னெண்டும் இருக்குண்ணே. எண்ணிக்குங்க."

"இது ஒங்கிட்ட எப்படி வந்திச்சு?"

"ரெண்டு மாசமா நான்தாண்ணே தொவைக்கிறேன். அக்காவால குனிய முடியல. எங்க வீட்டுப் பாயில படுத்திருப்பாங்க. சாயங்காலம் எந்திரிச்சு, ஒவ்வொண்ணா எண்ணித்தான் மூட்டையக் கட்டுவாங்க. ஒண்ணு கொறைஞ்சாலும் அவர இழுத்துட்டுப் போயிருவானுங்கன்னு..."

வீரமுத்து கேட்டான்: "இருமல்ல ரத்தம் வந்திச்சா?"

"ஒரு மாசமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாங்கண்ணே. மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு காலப் புடிச்சுக் கெஞ்சினேன். நான் அங்க படுத்துட்டா இத்தன நாளா யாரு தொவைச்சதுன்னு தெரிஞ்சிரும், அவரு பயந்துருவாருன்னாங்க."

ஒரே ஒரு நாள் துணி அழுக்காக வந்திருந்தால் அவன் ஏனென்று கேட்டிருப்பான். நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பான். பஸ் ஏற்றிக் கூட்டிப் போயிருப்பான். சுத்தமான சட்டையைப் பார்த்துப் பார்த்து அவளைப் பார்க்காமல் விட்டுவிட்டான். பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான்தான் கொன்றேன் என்று அவன் நெஞ்சு சொல்லிக்கொண்டே இருந்தது.

சுப்பம்மா மறுபடி வந்தாள். "ரெம்பியாவிலேர்ந்து அவ அண்ணன் கோடிச் சேலையோட வந்த பஸ்ஸ பட்டாளத்துக்காரனுங்க சோதனைக்கு வழியில நிறுத்தி வச்சிருக்கானுங்களாம். எப்ப விடுவானுங்களோ. நல்லதா அவ சேலை ஒண்ணு எடு தம்பி."

அவன் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தான். காலியாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் அவளுடைய சேலைகள் மொத்தமும் குவிந்து கிடந்தன. ஓரமெல்லாம் ஆற்றுச் சேறு, வியர்வை நாற்றம். அந்த வெளுப்புக்கார வீட்டில் வெளுக்காமல் கிடந்தது அவள் துணி மட்டுந்தான்.

நீலச் சேலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வேலாயி அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் கேட்டேண்ணே. கேம்ப் துணி முடியட்டும், எனக்கென்ன அவசரம்னுட்டாங்க. குடுங்க, அலசித் தாறேன்."

அவள் கைநீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"இத நான் அலசிக்கிறேன். நீ கேம்ப் துணியப் பாரும்மா. லோரி வந்தா நீயே குடுத்துரு. இனிமே ஒம் பொறுப்பு."

"ஈரச் சேலையவா அவளுக்குக் கட்டுறது?" என்றாள் சுப்பம்மா.

"இஸ்திரி போட்டுக் காய வச்சுத் தாறேன். கொஞ்சம் பொறுங்க."

குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கல்யாணமான பதினோரு வருஷத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தவிர வேறெதையும் அவன் தொட்டதில்லை. பெண்கள் மிச்சம் வைத்திருந்த வெந்நீரை வாளியில் ஊற்றிச் சேலையை முக்கினான். ஒரே இடத்தில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். முந்தானையில் பழுப்பாகத் திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தது போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

"வேலாயி," என்றான், தலையைத் தூக்காமல். "ரத்தக் கறை எப்படிம்மா போகும்?"

"சுடுதண்ணி ஆகாதுண்ணே. பச்சத் தண்ணியில ஊற வைக்கணும்."

அவன் வெந்நீரைக் கொட்டினான். வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு, அது நிறையும்வரை உட்கார்ந்திருந்தான்.