கம்பி முளைத்த கரி

பரீது திருடன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவன் செய்தது திருட்டுத்தான்.

செங்கோட்டை ரயில்வே ஷெட்டில் அவன் ஃபயர்மேன். கொல்லத்துக் கூரை ஓடுகளும் மலைத் தேக்கும் ஏற்றிக்கொண்டு விருதுநகர் போகும் கூட்ஸ் வண்டியில், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. தென்காசி ஸ்டேஷனைத் தாண்டி வண்டி வேகம் பிடிப்பதற்கு முன்னால், தண்டவாளத்தை ஒட்டி அவன் வீடு வரும். டிரைவர் தங்கசாமி குட்டிக் குட்டியாய் இரண்டு விசில் கொடுப்பார். எஞ்சினுக்குப் பின்னால் கரி சுமந்து வருகிற டெண்டரின் ஓரத்தில் பரீது முன்கூட்டியே இரண்டு கட்டியை எடுத்து வைத்திருப்பான். விசில் ஊதியதும் காலால் ஒரு தட்டு. கட்டிகள் சரிவில் உருண்டு ஊமத்தஞ்செடிக்குள் விழும். வண்டி போனபின் அவன் மனைவி நூர்நிஷா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து பொறுக்கிப் போவாள். வாரத்துக்கு இரண்டு தடவை, இரண்டு வருஷமாக, இந்தச் சேவை ஒரு நாள் தவறாமல் நடந்துகொண்டிருந்தது.

கேட்டால் அவனிடம் நியாயம் இருந்தது. திருடுகிற எவனிடம்தான் நியாயம் இல்லை? கல்யாணமாகி வந்த முதல் சாரலில் நூர்நிஷா இருமி இருமிக் கிடந்தாள். குற்றால மலை மேகத்தை இறக்கிவிட்டால் தென்காசியில் துணி காயாது, விறகும் காயாது. சீசனுக்கு அருவியில் தலையைக் கொடுக்க வருகிறவர்களுக்கு அது ஆனந்தம். அடுப்பு ஊதுகிறவளுக்கு அது கண்ணைப் பிடுங்குகிற பாடு. எஞ்சின் ஒரு நாளைக்கு டன் டன்னாகத் தின்று சாம்பலாக்குகிற கரியில் இரண்டு கட்டி தன் வீட்டுக்கு உருண்டால் ரயில்வே முழுகிப் போய்விடாது என்று பரீது முடிவு கட்டினான். சந்தையில் ஓர் இரும்புக் கரியடுப்பும் வாங்கிப் போட்டான்.

முதல் நாள் கரி விழுந்த அன்று ராத்திரியே நூர்நிஷா கேட்டாள்.

"மச்சான், இது யாரு கரி?"

"கவர்மெண்டுக் கரி. கவர்மெண்டு யாரு? நாமதான்."

"கேட்டுட்டு எடுத்தியளா?"

பரீது விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் எஞ்சினில் அதைச் சொல்லித் தங்கசாமியையும் சிரிக்க வைத்தான். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. அவனும் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. சோறு தட்டில் வந்து விழும், தின்பான், ஏப்பம் விடுவான். "கரியடுப்புச் சோறுன்னா அதுக்கு ஒரு தனி ருசிதாம்லே" என்று ஷெட் முழுக்கப் பீற்றிக்கொள்வான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது, ஆடி மாசம். அன்று காலை செங்கோட்டையில் புதுக் கரி ஏற்றினார்கள். வடக்கே ஏதோ ஒரு சுரங்கத்திலிருந்து வந்த லோடு. தென்காசி நெருங்கும்போது பரீது வழக்கம்போல இரண்டு கட்டி தேர்ந்தெடுத்தான். அதில் ஒன்று பார்க்கவே விசித்திரமாக இருந்தது. பலாக்காய்ப் பருமன், அதற்குள்ளிருந்து சாணளவுக்கு இரண்டு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க, கரி முளைவிட்டிருக்கு."

தங்கசாமி திரும்பிப் பார்த்தார். "தூக்குறதுக்குக் காது வச்சி அனுப்பியிருக்கானுவ போல. வீட்டுக்குத் தட்டிவிடு, ஒம்பொண்டாட்டிக்குச் சவுரியம்."

இரண்டு குட்டி விசில். ஒரு தட்டு. கம்பி முளைத்த கரி உருண்டு போய் ஊமத்தைக்குள் மறைந்தது. பரீது திரும்பிப் பார்த்தான். நூர்நிஷா வாசலில் நின்றிருந்தாள். அவனுக்கு மனசு நிறைந்திருந்தது.

பத்தேகாலுக்குக் கடையநல்லூர் வந்தார்கள். எதிரே விருதுநகரிலிருந்து வருகிற பாசஞ்சருக்கு வழிவிட்டு அங்கே நிற்க வேண்டும். தங்கசாமி வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் ஆதித்தன் கையில் ஒரு தாளோடு எஞ்சினை நோக்கி வந்தார். சாதாரணமாக அவர் எஞ்சின் பக்கம் வரமாட்டார், வேட்டி கரியாகிவிடும் என்று பயப்படுகிறவர். அன்றைக்கு ஓடி வந்தார்.

"டிரைவர், வண்டியை எடுக்காதீரும். செங்கோட்டையில இருந்து போன் வந்திருக்கு. இன்னைக்கு ஏத்துன கரியில ஒரு கட்டியை ஷெட்டுல ஒடைச்சிருக்காங்க. உள்ள வெடி இருந்திருக்கு."

"கரியில என்ன சார் வெடி?"

"சுரங்கத்துல கரியைப் பேக்க வெடி வைப்பாங்கல்லா, அதுல வெடிக்காம தங்கிப்போன கேப்பு. விரல் நீளம் செம்புக் குழாய். தீயில பட்டா ஆளைத் தூக்கிருமாம். டெண்டர்ல வேற இருக்கான்னு பாக்கணும். அடையாளம் சொல்லியிருக்காங்க." தாளைப் பார்த்து வாசித்தார். "ரெண்டு கம்பி வெளிய நீட்டிக்கிட்டு இருக்குமாம். சிவப்பு ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு."

பரீதுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் கிணறு வெட்டும்போது வெடி வைப்பதை அவன் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறான். அந்த வெடிக்குத் திரி இருக்கும். பற்றவைத்துவிட்டு ஓடுவார்கள். திரி இருந்தால் வெடி, கம்பி இருந்தால் வெடியில்லை. கடையத்திலிருந்து கடையநல்லூர் வரைக்கும் எவனைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வான். கம்பியில் கரண்டு விட்டு வெடிக்கிற சங்கதி அவர்கள் யாருக்கும் தெரியாது.

பிறகு உறைத்தது. தங்கசாமியின் வாயில் வெற்றிலை மெல்லாமல் அப்படியே நின்றது.

ஆதித்தன் வண்டியின் பின்பக்கம் போனதும் தங்கசாமி கிசுகிசுத்தார். "எப்பலே அடுப்பு பத்தவைப்பா?"

"பதினோரு மணிக்கு."

தங்கசாமி ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்திரண்டு.

"போன் பண்ணச் சொல்லணும் அண்ணாச்சி."

"சொன்னா வேல போயிரும்லே. ஒனக்கு மட்டுமில்ல, விசில் குடுத்தவன் நான். எனக்கு ரிட்டயராவ இன்னும் எட்டு மாசம் இருக்கு." சொல்லிவிட்டு மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "கரி தானா உருண்டு விழுந்துட்டுன்னு சொல்லு."

பரீது கீழே குதித்து ஓடினான். ஆதித்தனிடம் அப்படியே சொன்னான்: தென்காசி தாண்டுகையில் கம்பி வைத்த கட்டி ஒன்று தானாக உருண்டு விழுந்துவிட்டது, தென்காசிக்குப் போன் போடுங்கள், தன் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள்.

ஆதித்தன் கண்ணாடியைக் கழற்றினார். "கரி லைன்ல விழுந்தா லைனுக்குல்லா ஆளனுப்பணும். ஓம் வீட்டுக்கு எதுக்குடே?"

பரீது கடிகாரத்தைப் பார்த்தான். முள் நகர்ந்தது.

"நான் தட்டிவிட்டேன் சார். என் பொண்டாட்டி எடுத்துட்டுப் போவா. ரெண்டு வருஷமா எங்க வீட்டு அடுப்புல எரியுறது ரயில்வே கரிதான். என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. அவ பதினோரு மணிக்கு அடுப்புப் பத்தவைப்பா சார். மொதல்ல போன் பண்ணுங்க."

ஆதித்தன் அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனைச் சுழற்றினார். தென்காசி கிடைக்க ஐந்து நிமிஷமாயிற்று. அந்த ஐந்து நிமிஷத்தில் பரீது செத்துப் பிழைத்தான். பாயிண்ட்ஸ்மேன் உச்சிமாகாளியைச் சைக்கிளில் அனுப்புகிறோம் என்று தென்காசியிலிருந்து பதில் வந்தது. உச்சிமாகாளியின் சைக்கிள் எப்படிப்பட்டது என்பது பரீதுக்குத் தெரியும். மூன்று மிதிக்கு ஒரு தடவை செயின் கழலும்.

"இதை எழுதிக் குடுத்துரு" என்று ஆதித்தன் தாளை நீட்டினார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர். பரீது எழுதினான். இரண்டு வருஷமாக ரயில்வே கரியை எடுத்து வீட்டில் எரித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். தங்கசாமியின் விசிலைப் பற்றி எழுதவில்லை.

டெண்டரைச் சோதித்ததில் வேறெதுவும் இல்லை. இன்னொரு ஃபயர்மேனை வைத்துக் கூட்ஸை அனுப்புவது என்றும், எதிரே வந்த பாசஞ்சரில் பரீது ஊருக்குத் திரும்புவது என்றும் ஏற்பாடாயிற்று. பாசஞ்சர் கிளம்பும்போது பத்து நாற்பத்தைந்து. போகிற வழியில் அவனுக்குச் சேதி சொல்ல யாரும் இல்லை. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தென்காசி வரைக்கும் நின்றுகொண்டே வந்தான். "யா அல்லாஹ், என் வேல போவட்டும், அவள விட்டுரு" என்பதைத் தவிர வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

வீடு தெரிகிற வளைவில் எட்டிப் பார்த்தான். தண்டவாளத்தோரம் இருபது முப்பது பேர் கூடி நின்றார்கள். எல்லாரும் அவன் வீட்டைப் பார்த்து நின்றார்கள். கூரைக்கு மேல் புகை.

ஸ்டேஷனில் வண்டி நிற்கிறவரை அவன் காத்திருக்கவில்லை. குதித்து விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, தண்டவாளத்தோடு வந்த வழியே ஓடினான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனால் வேலிக்கு வெளியே உச்சிமாகாளி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் பக்கத்தில், முழுசாக, நூர்நிஷா நிற்கிறாள்.

பரீது அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அடுப்பை அணைச்சிட்டியா?"

"எதுக்கு அணைக்கணும்? சோறு இன்னும் வேவல" என்றாள் நூர்நிஷா.

அவன் உச்சிமாகாளியைப் பார்த்தான். உச்சிமாகாளிக்கே பேயறைந்த முகம்.

"நான் வரும்போதே அடுப்பு எரியுது அண்ணாச்சி. எனக்கு உசுரே போயிட்டு. கரியை எடுத்து வெளிய போடுங்கம்மான்னு கத்துனேன். அடுப்புல கரி இல்லங்காவ. போய்ப் பாத்தேன். வெறகுதான் எரியுது. அப்ப கரி எங்கன்னு கேட்டா, மறைப்புக்குள்ள போய்ப் பாருங்கன்னாவ. போய்ப் பாத்துட்டுத்தான் எல்லாரையும் வெளிய கூட்டியாந்து நிறுத்தியிருக்கேன்."

வீட்டுக்குப் பின்னால் பனையோலைப் படல் கட்டிய மறைப்பு, பெண்கள் குளிக்கிற இடம். பரீது ஒரு நாளும் அதற்குள் கால் வைத்ததில்லை. எழுந்து போய்ப் படலைத் தள்ளினான்.

சுவரோடு சுவராக, இடுப்புயரத்துக்குக் கரி. பெரிய கட்டி கீழே, சின்னக் கட்டி மேலே, ஒழுங்காக அடுக்கி, மழை படாமல் சாக்குப் போட்டு மூடியிருந்தது. அவன் தட்டிவிட்ட அத்தனையும் அங்கே இருந்தது. தள்ளி ஒரு கல்லின் மேல், தனியாக, இரண்டு கம்பியையும் நீட்டிக்கொண்டு இன்றைய கட்டி உட்கார்ந்திருந்தது.

பரீதுக்குக் கோபம்தான் வந்தது.

"ஏட்டி, ரெண்டு வருஷமா ஒரு கட்டி கூட எரிக்கலையா?"

"ஹராமான தீயில ஆக்கி ஒங்களுக்கு எப்படிச் சோறு போட? என்னைக்காவது திருப்பிக் கேப்பாவ, எண்ணிக் குடுத்துருவோம்னுதான் அடுக்கி வச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"மொத நாளே கேட்டேன். நீங்க சிரிச்சிய."

உச்சிமாகாளி தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஸ்டேஷன்ல என்ன அண்ணாச்சி சொல்லட்டும்? நீங்க வீட்டுல எரிச்சதாவுல்லா போன்ல சொன்னாவ."

எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான். வேலை போகுமா, அபராதத்தோடு விடுவார்களா என்பதெல்லாம் பெரிய ஆபீசிலிருந்து தாள் வந்தால்தான் தெரியும். மத்தியானம் கல்குவாரிக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து அந்தக் கட்டியை மணல் வாளியில் வைத்துக் குவாரிக்கு எடுத்துப் போனார்கள். கூட்டம் கலைந்தது.

பரீது முதன்முதலாக அடுப்பங்கரைக்குள் போனான். சுவரெல்லாம் புகை பிடித்துக் கறுத்திருந்தது. ஈரவிறகு நுரைவிட்டு அழுதுகொண்டிருந்தது. அவன் ஆசையாக வாங்கிப் போட்ட இரும்புக் கரியடுப்பு மூலையில் கிடந்தது. அதற்குள் வைக்கோல் போட்டு ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழி அவனை முறைத்துப் பார்த்தது.

"ஒக்காருங்க" என்று நூர்நிஷா தட்டை வைத்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண் சிவப்பை அவன் தினமும் பார்த்திருக்கிறான். கரிப்புகை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான்.

"வெறகு ஈரம்னாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா இன்னும் ரெண்டு கட்டி சேத்துத் தட்டுவிய."

அவன் ஒரு கவளம் எடுத்து வாயருகே கொண்டுபோனபோது, பக்கத்துக் குவாரியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. விரல் நீளக் குழாய்க்கு அவ்வளவு சத்தம் இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. பானை மூடி கடகடவென்று ஆடியது. கோழி எழுந்து நின்று கத்தியது. நூர்நிஷா பயந்துபோய் அவன் தோளைப் பிடித்தாள். அவன் கை கவளத்தோடு அப்படியே நின்றது.

நூர்நிஷா கோழியை மறுபடி முட்டைமேல் உட்காரவைத்துவிட்டு வந்தாள்.

"ஆறிப்போவுது, சாப்பிடுங்க. இன்னைக்கு வெறகு ரொம்ப ஈரம். கொஞ்சம் பொகை வாடை அடிக்கும்."

பரீது கவளத்தை வாயில் வைத்தான். ஷெட் முழுக்கக் கரியடுப்பு ருசி என்று இரண்டு வருஷமாக அவன் பீற்றிக்கொண்டு திரிந்தது இந்த வாடையைத்தான்.