இரண்டு சதவீதம்

எங்கள் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகள், அடித்தளத்தில் ஒரே ஒரு சவுனா, அதாவது நீராவிக் குளியலறை. வாரத்துக்கு ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி யாருக்கு வாய்த்திருக்கிறதோ அவர்தான் இங்கே ராஜா. எங்களுக்கு வாய்த்தது செவ்வாய் மாலை நாலு மணி. அந்த நேரத்தில் நான் மருந்துக்கடையில் இருமல் மருந்து விற்றுக்கொண்டிருப்பேன். ஆகவே பதினோரு வருடமாக என் கணவன் கௌக்கோ தனியாகப் போய் வியர்த்துவிட்டு வருகிறான்.

போன மாதம் வெள்ளிக்கிழமைக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டு எஸ்போ நகரத்துக்குப் போனார்கள். வழக்கம் எல்லோருக்கும் தெரியும். திங்கள் காலை ஒன்பது மணிக்குக் குடியிருப்பு மேலாளர் சிர்க்காவை முதலில் போனில் பிடிப்பவருக்கு அந்த நேரம்.

"நானே கூப்பிட்டுடறேன், இர்மெலி," என்றான் கௌக்கோ.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் போன்லயா? அது எப்பவும் ரெண்டு பர்சென்ட்ல உசிரக் கையில பிடிச்சிட்டிருக்கும். ஹலோங்கறதுக்குள்ள செத்துடும். நீ பேசாம பேக்கரிக்குப் போய் ரொட்டியப் பாரு."

"ம்," என்றான். அவனுக்கு அதுவே நீண்ட பேச்சு.

ஞாயிறு இரவு முழுக்க என் போனைச் சார்ஜில் போட்டு வைத்தேன். காலையில் நூறு. எங்கள் ஜன்னல் கண்ணாடி சூட்டை வெளியே விடாது, சிக்னலை உள்ளே விடாது. பேச வேண்டுமென்றால் முற்றத்துக்குத்தான் இறங்க வேண்டும். வெளியே மைனஸ் இருபத்தாறு டிகிரி. எட்டே முக்காலுக்கு இறங்கினால், மேல்மாடி பெல்டோலா எனக்கு முன்னால் நிற்கிறார், கையில் போனோடு. அவர் புதன்கிழமைக்காரர். எதற்கு வந்தோம் என்று இருவருக்கும் தெரியும். வெளியே சொன்னால் மரியாதையாக இருக்காது.

"குருவிக்குத் தீனி வைக்க வந்தேன்," என்றார்.

"கையில தீனியக் காணோமே?"

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"சும்மா, காத்து வாங்க."

ஒன்பது மணி தவறிவிடக் கூடாதே என்று கையுறையைக் கழற்றிவிட்டுப் போனையே வெறித்துக்கொண்டு நின்றேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்; இந்தக் குளிர் பேட்டரியைத் தின்றுவிடும். எட்டு ஐம்பதுக்கு எண்பத்தெட்டு காட்டியது. ஐம்பத்தைந்துக்கு அறுபத்து நாலு. ஐம்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்று. போகட்டும், நாற்பத்தொன்றில் ஊரையே கூப்பிடலாம் என்று நினைக்கும்போதே திரை கறுத்துவிட்டது.

பக்கத்தில் பெல்டோலா ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். "முப்பத்தெட்டு காட்டிச்சுங்க! புளுகுது, களவாணி!"

இருவரும் ஒரே நேரத்தில் கோட்டைத் திறந்து, போனை அக்குளில் வைத்து இடுக்கிக்கொண்டோம். மூன்றாம் மாடித் திரைச்சீலை அசைந்தது. யார் பார்த்தால் என்ன.

"குருவியக் காணோமே," என்றேன்.

"வரும், வரும்," என்றார், பல் கிட்டிக்க.

ஒன்பது ஆறுக்கு என் போன் கண் திறந்தது. முப்பத்தொன்பது என்று கூச்சமே இல்லாமல் காட்டியது. சிர்க்கா எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமையா? ஒன்பது அடிச்சதுமே போயிடுச்சேம்மா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "யாருக்கு?"

"பேரச் சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. வீட்டு நம்பர் மட்டும் சொன்னார். பதினாலு."

பதினாலு எங்கள் வீடு.

மதியம் கௌக்கோ தலையெல்லாம் மாவோடு வந்து, அணைந்து கிடந்த போனை மேசைமேல் வைத்தான்.

"ரெண்டு பர்சென்ட்லயா பேசின?"

"பேக்கரி அடுப்புக்குப் பக்கத்துல, சூட்டுல நின்னு பேசினேன். காலைலேருந்து அது ரெண்டுதான் காட்டிச்சு."

"நீயும் கூப்பிடப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "என் போன்ல எவ்ளோ இருக்குன்னு தினமும் கேக்கற. தனியா சவுனாவுல உக்காந்திருக்கறது எப்படி இருக்குன்னு இந்தப் பதினோரு வருஷத்துல ஒரு தடவ கேட்டிருக்கியா?"

அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மேசைமேல் கிடந்த அவன் போனை எடுத்து நானே சார்ஜில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மேல்பலகையில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுப்பில் காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றினான். ஆவி சீறி எழுந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ம்," என்றான்.