டாப் கியரில் ஒரு நடை

அழகிரிக்கு எந்த வருத்தத்துக்கும் ஸ்பானர்தான் மருந்து. பாலக்கரையில் அவனுக்கு ஒரு ஷெட் இருந்தது. அதற்குள் ஒரு பழைய கார், சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் விற்றது. வேகத்துக்காக அதன் எஞ்சினை அவன் படுத்தாத பாடு இல்லை. ஹெட்டை இழைத்தான், எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃபிளைவீலைக் கடைந்து லேசாக்கினான், பெரிய கார்புரேட்டர் போட்டான். வண்டி பறந்தது. மெதுவாக ஓட்டினால் மட்டும் உதறி உதறி நின்றுவிடும்.

1958-ல் மண்ணச்சநல்லூர் ரோட்டில் அப்படிப் பறந்தபோது, பக்கத்தில் இருந்த மனைவி மயிலம்மாள் மெதுவாகப் போகச் சொன்னாள். மூன்று முறை சொன்னாள். மெதுவாகப் போனால் நின்றுவிடும் என்று மூன்று முறையும் இவன் பதில் சொன்னான். ரயில்வே கேட் மூடியிருந்ததால் வண்டி நின்றது. அவள் இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறி, ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயே ஒரு ஸ்கூலில் தையல் டீச்சராகவும் சேர்ந்துவிட்டாள்.

வேறு ஒருவனாக இருந்தால் மறுநாளே மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பான். இந்த மகராசன் எஞ்சினைப் பிரித்தான். மெதுவாகப் போகத் தெரியாத வண்டியை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு அவளைக் கூப்பிடுவது? கனமான ஃபிளைவீல் தேடிப் போட்டான். சின்ன கார்புரேட்டர் மாட்டினான். ஸ்பார்க் டைமிங்கை மயிரிழை மயிரிழையாக மாற்றினான். காவிரிப் பாலத்து ஏற்றத்தில், வேகமாக ஓடுவதற்கென்றே இருக்கும் டாப் கியரிலேயே மெல்ல ஏற்றிப் பார்ப்பான். எஞ்சின் இருமும். ரிவர்ஸில் இறக்கித் திரும்பிவிடுவான், அக்கரைக்குப் போகவே மாட்டான். ஹோட்டல் சாப்பாடு, ஷெட்டில் படுக்கை. பேசுவதற்கு எஞ்சினைத் தவிர ஆள் இல்லை. இப்படியே மூன்று வருஷம்.

ஒரு நாள் எஞ்சின் இருமவில்லை. அன்று சாயங்காலமே ஸ்ரீரங்கம் போனான். ஸ்கூல் விட்டு மயிலம்மாள் குடையோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே, டாப் கியரில், அவள் நடைக்கு வண்டியை ஓட்டினான். ஒரு உதறல் இல்லை.

“மயிலு, பாத்தியா? உன் நடைக்கு வருது. நிக்கல. ஏறிக்க.”

அவள் நடந்துகொண்டே கொஞ்ச தூரம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டாள். இதற்காகவா மூன்று வருஷம் என்று கேட்டாள். ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினான். வீட்டு வாசலில் அவள் குடையை மடக்கினாள்.

“என் நடைக்கு வரணும்னா எறங்கி நடந்து வந்திருக்கலாமேங்க.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அழகிரிக்கு அப்போதும் இறங்கத் தோன்றவில்லை. வண்டியைத் திருப்பினான். பாலத்து ஏற்றத்தில் அது டாப் கியரிலேயே, ஒரு இருமல் இல்லாமல், மெல்ல ஏறியது. எவ்வளவு அருமையாக இழுக்கிறது என்று சொல்ல வாயெடுத்துப் பக்கத்து சீட்டைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.