வெள்ளிக்கிழமைக் காகிதப்பூ

அன்னூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த அரங்கசாமி யாருக்குப் பூ கொடுத்தாலும், அது வாங்கியவர் கைக்குப் போனதும் வேறு பூவாகிவிடும். கொடுக்கும்போது அரங்கசாமி மனதில் என்ன இருந்ததோ அதற்கான பூ. கட்சிக்காரர் ஒருவருக்குப் போட்ட ரோஜா மாலை கழுத்தில் விழுந்ததும் எருக்கம் மாலையானது. படுக்கையில் கிடந்த பங்காளிக்குக் கொண்டுபோன பூங்கொத்து, பாடைக்குக் கட்டும் சாமந்திச் சரமானது. பங்காளி அன்றே வக்கீலைக் கூப்பிட்டுவிட்டார். ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. விசேஷங்களுக்கு ஹாட்பாக்ஸ் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள், அவரும் அப்படியே செய்தார்.

மனைவிக்கு ஹாட்பாக்ஸ் கொடுக்க முடியாது. 1998இல் சென்னியம்மாளைக் கட்டியது அப்பா கொடுத்துவிட்ட வாக்குக்காக. முதல் வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் இரண்டு முழம் மல்லி வாங்கிப்போய்க் கொடுத்தார். அவள் கையில் அது காகிதப்பூச் சரமானது. வேலியோரம் பூக்கிற, மணமே இல்லாத அதே பூ. சென்னியம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையில் வைத்துக்கொண்டு சோறு போட்டாள். அரங்கசாமி கெட்டவர் இல்லை, அவளை ஒரு சொல் அதட்டியதில்லை. கடை மாற்றி வாங்கினார், அவளுடைய நல்ல குணங்களை ஒவ்வொன்றாக நினைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு நீட்டினார். காகிதப்பூதான். பதினான்கு வருஷம் அவிநாசித் தேருக்கும் சொந்தக்காரர் கல்யாணங்களுக்கும் அவள் அதையே வைத்துக்கொண்டு போனாள். கேட்டவர்களிடம், "அவிங்க வாங்குனது மல்லிதானுங்க" என்று மட்டும் சொன்னாள்.

2012இல், மகள் நந்திதா பெரியவளான வருஷம், "புள்ளை பாக்குதுங்க, இனிமேப் பூ வேண்டாங்க" என்றாள். அரங்கசாமிக்குச் சுமை இறங்கினாற்போல இருந்தது. அதோடு நிறுத்திவிட்டார். அடுத்த வருஷம் அவர் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது கடையை ஆறு மாதம் அவள்தான் பார்த்தாள். காயில் கட்டவும் பழகிக்கொண்டாள். கால் சரியான பிறகும் கடைக்கு வருவதை விடவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து கம்பி சுற்றியபடி, பம்ப்செட்டுக்காரர்களைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கும் நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது. பித்தம் என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்தார்.

2024இல் சென்னியம்மாள் கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கீமோவில் முடி முழுக்கக் கொட்டியிருந்தது. ஒரு சாயங்காலம் வாசலில் பூக்காரி, "கடைசி முழமுங்கண்ணா" என்று நீட்ட, அவர் வேறு நினைப்பில் வாங்கிவிட்டார். மேலே போய் அவள் கையில் வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடியும் அவளை அவமானப்படுத்திவிட்டதாக நினைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மணம் வந்தது. நிமிர்ந்தார். அவள் கையில் இருந்தது மல்லி.

சென்னியம்மாள் அதை வெகுநேரம் பார்த்தாள். "எப்ப இருந்துங்க?" என்றாள்.

"தெரியலையே, அம்மணி."

"பத்து வருசமா இருக்குங்களா?"

"இருக்கும். நான் ஒரு நாளாச்சும் வாங்கியாந்து பாத்திருக்கோணும்."

"வேண்டான்னது நாந்தானுங்களே" என்று சொல்லிவிட்டு, வைக்க முடி இல்லாததால் சரத்தை மணிக்கட்டில் சுற்றச் சொன்னாள். அவர் சுற்றிவிட்டார். பத்தொன்பது நாள் இருந்தாள். பத்தொன்பது நாளும் அவர் மல்லி வாங்கிக் கொடுத்தார், அது மல்லியாகவே இருந்தது. அந்த வார்டில் யாரும் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை.