ஆண்டாளம்மாள் அமுக்காத பட்டன்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்தப் பாயை இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பட்டனுக்காக ஒரு பெண்பிள்ளை பட்ட பாட்டைச் சொல்லப்போகிறேன். சட்டைப் பட்டன் இல்லை, கம்ப்யூட்டர் பட்டன். இதில் யாரும் சாகமாட்டார்கள், யாரும் ஊரை விட்டு ஓடமாட்டார்கள். தைரியமாகக் கேட்கலாம்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், ஏசுதாஸ் சார் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். இரண்டாயிரம் பிறந்து, உலகம் அழியாமல் போய், ஊரே கம்ப்யூட்டர் படிக்கக் கிளம்பியிருந்த சமயம். அங்கே படித்தவள்தான் நம் கலா. அப்பா சடையப்பன் ஏரிப்பாசனத்தில் நெல் வைக்கிறவர். மகள் மேல் உயிர்தான். ஆனால் தெருவில் அவள் வயதுப் பெண்களெல்லாம் விடியற்காலையில் வேன் ஏறி ஷூ கம்பெனிக்குப் போய்வர, இவள் மட்டும் மாடியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பதை நாலு பேர் கேட்கிறார்களே!

"பொங்கல் வரைக்கும் பாரு கலா. அதுக்குள்ள அந்தப் பொட்டி உனக்கு ஒரு வேலை குட்த்தா நான் ஒண்ணும் சொல்லல. இல்லன்னா தை பொறந்ததும் வேன் ஏறிடு" என்று சொல்லிவிட்டார்.

"சரி நைனா" என்றாள் கலா. வாய் சரி என்றது. மனசு எங்கே சொன்னது?

நல்லவேளையாக, மார்கழி ஆரம்பத்தில் ஏசுதாஸ் சார் கூப்பிட்டார். "பஜார்ல தாமோதரன் பாத்திரக் கடைக்கு ஒரு புரோகிராம் வேணுமாம். நீ எழுது. அது அந்தக் கடையில ஒழுங்கா ஓடிடுச்சின்னா, நீ இங்க ஸ்டாஃப்."

விஷுவல் பேசிக் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் திரையில் வருகிற ஜன்னலையும் அதில் இருக்கிற பட்டன்களையும் நாமே வரைந்து, இது இங்கே, அது அங்கே என்று குடித்தனம் வைக்கலாம். எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்று அதன் பின்னால் எழுதிவிட வேண்டும். கலா ராப்பகலாக அதே நினைப்பாக இருந்து எழுதினாள். தமிழ் எழுத்துகூடப் போட்டுவிட்டாள். ஜன்னலில் மூன்று பட்டன்கள். பில் போட ஒன்று, சரக்குப் பார்க்க ஒன்று. கடைசியாக, கடை எடுத்து வைக்கும்போது அமுக்க ஒன்று. அந்த மூன்றாவது பட்டன்தான் அன்றைக்கு விற்ற குடம், குண்டான் எல்லாவற்றையும் சரக்கிலிருந்து கழித்துவிட்டுத் தூங்கப்போகும். அதன் மேல் 'மூடு' என்று எழுதியிருந்தாள்.

கடையில் கல்லாவில் உட்காருவது தாமோதரனின் மனைவி ஆண்டாளம்மாள். கணீரென்ற குரல், கணக்கில் புலி. ஒரு காலைப்பொழுதிலேயே பில் போடப் பழகிவிட்டார். கலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாளே வந்தது வினை. பழையசீவரத்திலிருந்து கல்யாண வீட்டுக்காரர்கள் பித்தளை அண்டா கேட்டு வந்தார்கள். திரையில் இருக்கிறது என்று வந்தது. தாமோதரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரண் மேல் ஏறினார். சொம்பு உருண்டது, தாம்பாளம் சரிந்தது, ஒட்டடை தலையில் விழுந்தது. அண்டா மட்டும் கிடைக்கவில்லை. அது முதல் நாளே விலையாகிப் போயிருந்தது.

"இன்னாம்மா உன் பொட்டி, கூசாம பொய் சொல்லுது!" என்று பரண் மேலிருந்தே கத்தினார்.

கலா பார்த்தாள். மூன்றாவது பட்டனை யாரும் அமுக்கவில்லை.

"ஏம்மா, நேத்து கடைசியா அந்தப் பட்டன அமுக்கலியா?"

ஆண்டாளம்மாள் எங்கோ பார்த்துக்கொண்டு, "கண்ணுல படல" என்றார்.

பாவம், வயசாகிறது, சாம்பல் நிறப் பட்டன் சாம்பல் நிற ஜன்னலில் எப்படித் தெரியும்? இப்படி நினைத்துக்கொண்டாள் கலா. சென்டருக்கு ஓடி, பட்டனுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அது சாம்பலாகவே நின்றது. கொடுப்பதும் அழிப்பதுமாக அரைநாள் போயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, பட்டனின் குணங்களில் 'ஸ்டைல்' என்று ஒன்று இருக்கிறது, அதை மாற்றிவிட்டால்தான் மேலே பூசும் நிறம் ஒட்டும் என்று. மாற்றினாள். பளிச்சென்று சிவந்தது. "சார், செவந்துடுச்சி!" என்று கத்திய சத்தத்தில் பக்கத்து அறை டைப்ரைட்டிங் வகுப்புக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கடையில் கொண்டுபோய்ப் போட்டாள். அடுத்த நாளும் தாமோதரன் பரண் ஏறினார். இந்தத் தடவை இட்லிப் பானைக்காக.

'சின்னதாக இருக்கிறது போல' என்று பட்டனை இரண்டு மடங்கு ஆக்கினாள். எழுத்தைத் தடிப்பாக்கினாள். எழுத்துக்கு வெள்ளை நிறம் கொடுக்கப் பார்த்தாள். அது மட்டும் மசியவில்லை, கறுப்பாகத்தான் நின்றது. போகட்டும் என்று விட்டாள். அதற்கும் பலன் இல்லை என்றதும், ஜன்னலின் கீழ்ப்பக்கம் முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரே சிவப்புப் பட்டன். அதன் மேல் கறுப்பில், பூசணிக்காய் அளவுக்கு, மூடு.

பாத்திரம் வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றார்கள். ஆண்டாளம்மாள் கலாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். காபி வந்தால் ஒரு டம்ளர் அவளுக்கும் வரும். அதுவும் நின்றது.

ஏசுதாஸ் சார் கூப்பிட்டார். "தாமோதரன் ரொம்ப பேஜாராயிட்டார் கலா. காஞ்சிபுரத்துல ரெடிமேடா விக்கிறாங்களாம், அதையே வாங்கிக்கிறேன்றார். சனிக்கிழமை நான் கடைக்கு வந்து பாக்கிறேன். அன்னிக்கும் இப்படியே இருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கலாவுக்குக் கண்ணில் வேன்தான் ஓடியது. அழுது என்ன செய்ய? அன்று கடை எடுத்து வைக்கிற நேரத்துக்குப் போய், குத்துவிளக்குகள் அடுக்கின அலமாரிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஆண்டாளம்மாள் கல்லாவைப் பூட்டினார். சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு திரையின் பக்கம் முகத்தைத் திருப்பாமலே, கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவி, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

"அம்மா!" என்று எழுந்துவிட்டாள் கலா. "அவ்ளோ பெரிய பட்டன் வெச்சிருக்கேன், அது இன்னாத்துக்கு? அத அமுக்கக் கூடாதா?"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

"அமுக்கறதா? நான் ஏண்டி அமுக்கணும்? மூணு புள்ள பெத்து, மருமக எடுத்தவ நான். மொத நாளு வந்து சின்னதா, மூடுன்ன. சின்னப் பொண்ணு தெரியாம எழுதிட்டான்னு பேசாம இருந்தேன். அடுத்த நாளு செவப்புல மூடுன்ன. பொறுத்தேன். அப்பால பெருசாக்கற. இப்ப கடைக்கு வர்றவன் போறவன் எல்லாம் படிக்கற மாதிரி போஸ்டரு அடிச்சி மூடு, மூடுன்ற! நான் இன்னா அவ்ளோ வாயா பேசறேன்?"

பரண் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்த தாமோதரன் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"முப்பது வருசமா எனக்கு வராத தைரியம் இந்தப் பொட்டிக்கு வந்துகீது, ஆண்டாளு!"

"யோவ், நீ வேற!" என்று ஒரு அதட்டல். உடனே குரலைத் தணித்துக்கொண்டார். "அத வுடு. அந்த அர்த்தம் இல்லன்னே வெச்சிக்க. மகாலட்சுமி ஒக்காந்திருக்கற எடம் இது. வெளக்க அணைன்னு சொல்வமா? மலையேத்துன்றோம். கடைய மூடுன்னு யாராவது சொல்வாங்களா? எடுத்து வைக்கிறோம்னுதான் சொல்லணும். நீ செவப்புலயும் கறுப்புலயும் எழுதி, என் கையாலயே அமுக்கச் சொல்ற. எனக்கு மனசு வரல, பொண்ணே."

"ஐயோ அம்மா! ஜன்னல மூடற பட்டன்மா அது. அந்த ஜன்னல! உங்கள இல்ல, கடைய இல்ல."

"எந்த ஜன்னலு? இங்க எங்க கீது ஜன்னலு?"

கலா திரும்பிப் பார்த்தாள். அந்தக் கடையில் ஜன்னலே கிடையாது, கண்ணுகளா. மூன்று பக்கமும் சுவர், நாலாவது பக்கம் ஷட்டர். திரையில் வரும் சதுரத்துக்கு ஜன்னல் என்று பெயர் என்பது மாடியில் படித்தவர்களுக்குத்தானே தெரியும்? முதலில் கலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆண்டாளம்மாளுக்கும் உதடு கோணியது. கடைசியில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தொங்கின கரண்டிகள் ஆடின என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கலா கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. சாம்பல் ஜன்னலுக்கும் சிவப்புப் பட்டனுக்கும் மஞ்சள் பூசினாள். கண்ணை உறுத்தாத, அரைத்த மஞ்சளின் நிறம். ஜன்னலின் மூலையில் பெருக்கல் குறி போட்டு ஒரு குட்டிப் பட்டன் தானாக வருமே, 'தப்பு' என்று வாத்தியார் போடுகிற மாதிரி, அதையும் எடுத்துவிட்டாள். மூன்றாவது பட்டனைக் கைக்கு அடக்கமாகச் சிறிதாக்கினாள். அதன் மேல் ஒரு குத்துவிளக்குப் படம் வைத்து, அடியில் 'எடுத்து வைக்கலாம்' என்று எழுதினாள். அமுக்கினால் 'நிச்சயமா?' என்று கேட்கிற ரெடிமேட் பெட்டி ஒன்று இங்கிலீஷில் குதிக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் கையாலேயே ஒரு குட்டி ஜன்னல் செய்தாள். அதில் 'நாளைக்கும் நல்ல வியாபாரம் ஆகட்டும்' என்று ஒரு வரி. 'ஆகட்டும்' என்று ஒரே ஒரு பட்டன்.

சனிக்கிழமை ஏசுதாஸ் சார் வந்தார். கடை எடுத்து வைக்கிற நேரம் வரை இருந்தார். ஆண்டாளம்மாள் கல்லாவைப் பூட்டி, சாமியைக் கும்பிட்டு, திரைக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். விளக்குப் படத்தைப் பார்த்தார். புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார். குட்டி ஜன்னல் வந்தது. எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார். "ஆவட்டும், ஆவட்டும்" என்று வாயாலும் சொல்லி, பட்டனையும் அமுக்கினார்.

மறுநாள் காலையில் தென்னேரிக்காரர் ஒருவர் வந்து பித்தளைத் தவலை கேட்டார். தாமோதரன் பழக்க தோஷத்தில் ஏணியை எடுத்தார்.

"ஏணிய வையா கீழ! தவலை வித்தாச்சாம், பொட்டி சொல்லுது" என்றார் ஆண்டாளம்மாள்.

ஏசுதாஸ் சார் சொன்ன சொல் தவறவில்லை. கலாவுக்கு ஸ்டாஃப் நாற்காலி போட்டார். ஆனால் சடையப்பனுக்கு இன்னும் சந்தேகம். பொங்கல் பானை வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்தார், மகள் செய்தது நிஜமாகவே ஓடுகிறதா என்று பார்க்க.

"பொண்ண வேன்ல ஏத்தப் போறியாமே?" என்று கேட்டார் ஆண்டாளம்மாள்.

"இல்லம்மா, சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சு இன்னா பேச்சு? நாளைக்கு என் பட்டனு கோணிக்கினா எவன் வந்து நிமித்துவான்? உனக்குத் தெரியுமா பட்டனுக்கு எப்படி மஞ்சப் பூசறதுன்னு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்!"

"அப்ப பானையத் தூக்கிக்கினு பேசாம போ. எதிர்க்க வளையல் கடைக்காரம்மாவும் கேக்கறாங்க, அவங்களுக்கு ரோஸ் கலர்ல வேணுமாம். உன் பொண்ணுக்கு நெறைய வேல கீது."

சடையப்பன் புதுப் பானையைத் தோளில் வைத்துக்கொண்டு, எதிரே வந்தவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு பட்டனு செய்யறா" என்று சொல்லிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். டெய்லர் கடையில் வேலை போலிருக்கிறது என்று அவர்களும் தலையை ஆட்டினார்கள்.

உங்கள் வீட்டுக்கும் தை பிறக்கட்டும், கண்ணுகளா. பானை பொங்கி வழியட்டும். பெண்பிள்ளைகள் கை வைத்ததெல்லாம் துலங்கட்டும். வாசலுக்கு வருகிறவர்கள் சிரித்த முகமாக வந்து, வயிறாரச் சாப்பிட்டுப் போகட்டும்.