கண் சரிந்த முகமூடி

புனித வாரத்துப் புதன்கிழமை, உச்சி வெயிலில், நார்சாவின் பிபிங்கா என்ற அரிசியப்பக் கடை முன்னால் வந்து நின்ற மோரியன் ஒன்றும் பேசவில்லை. மோரியன்கள் பேசுவதில்லை. ரோமாபுரிச் சிப்பாய் வேஷம் கட்டி, மர முகமூடி மாட்டி, தலைக்கவசத்தில் காகிதப் பூக்களைக் குத்திக்கொண்டு அந்த வாரம் முழுக்க மொக்பொக் ஊர்த் தெருக்களில் அலைவார்கள். கையிலுள்ள இரண்டு கட்டைகளைத் தட்டித் தாளம் போடுவார்கள். கடைகளில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், யாரும் துரத்துவதில்லை. நார்சா இவனையும் அப்படி ஒருவன் என்றே நினைத்தாள். மண்சட்டியின் மேல் மூடியிலிருந்த கங்குகளை இடுக்கியால் ஒதுக்கிவிட்டு, வாழையிலையோடு ஒரு பிபிங்காவை எடுத்துத் தட்டில் வைத்தபடியே நிமிர்ந்தாள். அவன் கை தட்டின் மேல் நீண்டது. பொன்னிறமாக வெந்து நெய் மினுங்கியவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய், விற்காது என்று ஓரமாக ஒதுக்கியிருந்த அடி கருகிய ஒன்றை எடுத்தது.

அப்போதுதான் அவள் முகமூடியைப் பார்த்தாள்.

மற்ற முகமூடிகளுக்கெல்லாம் கண்கள் உருட்டி விழிக்கும், புருவம் நெரியும். இதன் இடது கண் மட்டும் ஓரத்தில் கீழே சரிந்திருந்தது. உளி வழுக்கிய இடம். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே சிவப்பு பூசியும் அந்தச் சரிவு போகவில்லை. கோபமாகப் பார்க்க வேண்டிய சிப்பாய், அழுகையை அடக்கிக்கொண்டு நிற்பவனைப் போலிருந்தான். அந்தக் கண்ணை நார்சா எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள். ஆனால் அதைச் செதுக்கியவன் போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

அவள் வாய் திறப்பதற்குள் மோரியன் கட்டைகளைத் தட்டியபடி கோயில் பக்கம் திரும்பிக் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

"என்னடி, பேயைப் பாத்தாப்ல நிக்கிற?" என்றாள் பக்கத்தில் ஐஸ் சர்பத் விற்கும் கொன்சிங். "ஒரு பிபிங்காதானே போச்சு?"

"கருகினதை எடுத்துட்டுப் போறான்."

"கருகினதையா? அப்ப அந்த முகமூடிக்குள்ள கண்ணே தெரியலைன்னு அர்த்தம். விடு, குப்பைக்குப் போறது சிப்பாய் வயித்துக்குப் போச்சு."

நார்சா சிரிக்கவில்லை. கங்குகளை மறுபடி மூடியின் மேல் கூட்டினாள். ஒரு கங்கு இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அவள் கணவன் டாடோவின் நேர்ச்சை அவர்கள் மகள் அனலினுக்காக. சின்ன வயதில் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, மூக்கில் ரத்தம் வடிந்து, டாக்டரே வெளியில் போய் நின்றுகொண்ட ஒரு பகலில், டாடோ ஆஸ்பத்திரிச் சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொண்டான்: பிள்ளை பிழைத்தால் அவளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை ஒவ்வொரு புனித வாரமும் முகமூடி போடுகிறேன். பிள்ளை பிழைத்தாள். டாடோ முகமூடி செதுக்கக் கல்யாண முருங்கை மரத்துண்டு ஒன்றைச் சுமந்து எங்கேயோ போனான். அதற்குப் பிறகு வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நேர்ச்சைக்காரன் யார் என்று ஊருக்குத் தெரியக்கூடாது, பெண்டாட்டிக்குத் தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டக்கூடாது. முகமூடிக்குள் இருப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ, நீதானா என்று கேட்டாலோ நேர்ச்சை கலைந்துவிடும், கொடுத்த வரம் திரும்பிப் போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் டாடோ வருஷா வருஷம் குருத்து ஞாயிறு முடிந்ததும் "தீவோட அந்தப் பக்கம் பெரியப்பா மகனைப் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்புவான். ஈஸ்டர் முடிந்து, கழுத்தெல்லாம் வெயிலில் உரிந்து, முகமூடியின் உட்புறம் தேய்த்து மூக்குத்தண்டு புண்ணாகி வருவான். "பெரியப்பா மகன் சௌக்கியமா?" என்று அவள் கேட்பாள். "உன்னை விசாரிச்சான்" என்பான். அந்த வாரத்தில் ஒருநாள் சரிந்த கண்ணோடு ஒரு மோரியன் கடைக்கு வந்து, வீட்டில் டாடோ கேட்டு வாங்கித் தின்னும் கருகிய பிபிங்காவைத் திருடிக்கொண்டு போவான். அவள் "போடா திருடா!" என்று கத்துவாள். கல்யாண நாளில்கூட அவர்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

அவன் கடலுக்குப் போன அன்று அடித்த புயலுக்குப் பிறகு படகின் பக்கவாட்டு மூங்கில் மட்டும் கரையில் ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. போன வருஷம் முகமூடி வரவில்லை. அந்த வாரம் முழுக்க நார்சா தூங்குகிற மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷத்தோடு கணக்கு முடிகிறது. வருகிற ஜூனில் அனலினுக்குப் பதினெட்டு.

இன்னொன்றும் இருந்தது. தச்சன் தெம்யோங், டாடோவின் சிநேகிதன், மனைவியை இழந்தவன், தவக்காலத் தொடக்கத்தில் வந்து அவள் கடையின் ஆடுகிற மேஜைக்காலைச் சரிசெய்துவிட்டு, ஆணியை வாயிலிருந்து எடுத்துக் கேட்டான்: "மறுகல்யாணத்துக்குச் சர்க்கார் சொல்ற வருஷமெல்லாம் ஆகட்டும், நான் காத்திருக்கேன். ஆனா உன் வாயால ஒரு வார்த்தை. ஈஸ்டருக்குச் சொல்லு." நல்லவன். அவள் சரி என்று சொல்லத்தான் இருந்தாள்.

அன்று சாயங்காலம் அனலினிடம் விஷயத்தைச் சொன்னாள். மகள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டியா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"இல்லை."

"சத்தியமா?"

"உன்மேல சத்தியமா இல்லைடி."

"எம்மேல சத்தியம் பண்ணாதே. ஏற்கெனவே எம்மேல நிறைய இருக்கு." பாத்திரத்தை மறுபடி எடுத்தாள். முதுகைக் காட்டியபடியே, "அப்பா உயிரோட இருந்தா நம்மகிட்ட வந்திருப்பாரும்மா" என்றாள். அவளே அதை நம்பாதவள் போல ஒரே தட்டை இரண்டு முறை கழுவினாள்.

நார்சாவுக்கு இரவெல்லாம் இதுதான். உயிரோடு இருக்கிறானென்றால் இத்தனை நாள் எங்கே இருந்தான், ஏன் வரவில்லை? இல்லையென்றால், கருகிய பிபிங்காவைத் தேடி எடுக்கத் தெரிந்த இன்னொருவன் யார்? மூன்றாவதாக ஒன்று தோன்றியபோது எழுந்து உட்கார்ந்து விளக்கைப் போட்டாள். முகமூடியின் கண்துளை இருட்டாக இருந்ததே தவிர, உள்ளே கண் இருந்ததா என்று அவள் பார்க்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் அவன் கடைக்கு வரவில்லை. தெருக்கோடியில் கட்டைகள் தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கங்கு ஒதுக்குவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

சனிக்கிழமை காலை கூடைப்பந்து மைதானத்தில் முகமூடிக் கண்காட்சி. செதுக்குபவர்கள் போட்டிக்கு அனுப்பிய முகமூடிகளை வரிசையாக மரத்தாங்கிகளில் நிறுத்தியிருந்தார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். மணிலாவிலிருந்து வந்தவர்கள் கேமராவோடு குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நார்சா மகளோடு வரிசை வரிசையாகப் போனாள். மயிலிறகு தாடி, சணல் தாடி, குதிரைமயிர் தாடி. தலையில் ஆள் உயரத்துக்குக் காகிதப் பூ. ஓர் இளைஞன் அவளிடம் வந்து, "அக்கா, இதுல எது நல்லாருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று மைக்கை நீட்டினான். "நான் தேடறது இதுல இல்லை தம்பி" என்று அவள் சொன்னதை அவன் பெரிய விமர்சனமாக எடுத்துக்கொண்டு தலையாட்டினான்.

தாங்கிகளைச் செய்துகொடுத்தது தெம்யோங். கடைசி வரிசையில் ஒரு தாங்கிக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்து எழுந்தான். அவன் மூக்குத்தண்டு இரண்டு பக்கமும் சிவந்து தோல் வழன்றிருந்தது. கழுத்து கறுத்திருந்தது. நார்சாவின் நெஞ்சில் எதுவோ பொருந்தி உட்கார்ந்தது.

"புதன்கிழமை மத்தியானம் பட்டறை மூடியிருந்துச்சே" என்றாள்.

"பெரிய வாரத்துல எவன் கட்டில் கேக்கிறான்? அந்தப் பக்கம் போயிருந்தேன். சித்தப்பா வீட்டுக்கு."

"நேர்ச்சை வச்ச அத்தனை பேருக்கும் அந்தப் பக்கம் ஒரு சொந்தக்காரன் இருக்கான்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிரிப்பு மறைந்தது. "நான் இல்லை, நார்சா" என்றான். பிறகு குரலை இறக்கி, "நிஜமாவே நான் இல்லை. தப்பா நினைச்சுக்காதே."

அவள் தலையைக் குனிந்து புன்னகை செய்தாள். இந்த ஊரில் எந்த ஆணும் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்பதை இவ்வளவு வருத்தத்தோடு ஒருவன் சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். டாடோ முகமூடியை இவன் பட்டறையில்தான் மறைத்து வைத்திருப்பான். கருகிய பிபிங்கா விஷயத்தைச் சொல்லியிருப்பான். செத்துப்போன சிநேகிதனின் மீதிக் கடனை, அவன் மகளுக்காக, இவன் நடந்து தீர்க்கிறான். அன்று மாலை நார்சா மஞ்சள் பூப்போட்ட மேல்சட்டையைத் தேய்த்து வைத்தாள். அனலின் பார்த்தாள். "யாருக்கு இவ்வளவு மடிப்பு?" என்றாள். "உனக்கு அந்த வயசு வரும்போது தெரியும்" என்றாள் நார்சா. பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

ஈஸ்டர் ஞாயிறு. இயேசுவின் விலாவில் குத்தி, பிறகு விசுவாசியான சிப்பாய் லோஞ்சினோவின் தலையை வெட்டும் கூத்துக்கு மைதானத்தில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. நார்சா ஒரு பிபிங்காவை வேண்டுமென்றே சட்டியில் அதிக நேரம் விட்டாள். அடி கருகிப் புகை வந்ததும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். முகமூடி வரும். அவளே கையில் எடுத்துக் கொடுப்பாள். ஒரு வார்த்தை கேட்டானே, அதற்குப் பதில் அதுதான். தெம்யோங்குக்குப் புரியும்.

"அடியே, மாவைக் கொட்டிட்டே" என்றாள் கொன்சிங். காற்றில் பை சரிந்து மேஜை முழுக்க அரிசிமாவு வெள்ளையாகப் படிந்திருந்தது. "மனசு எங்கேயோ இருக்கு போல. புதுச்சட்டை வேற!"

"ரெண்டு பிபிங்கா" என்று ஒரு குரல் கேட்டது.

தெம்யோங் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் கறுப்புக் குடை. முகத்தில் முகமூடி இல்லை. ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது.

"என்ன அப்படிப் பாக்கிற? கண்ணாடி நல்லா இல்லையா?" மூக்கைத் தடவிக்கொண்டான். "புதன்கிழமை சித்தப்பா ஊர்லதான் வாங்கினேன். மூக்கைக் கடிச்சுத் தின்னுது. வயசாயிடுச்சுன்னு உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, கழட்டிப் பைக்குள்ள வச்சுக்கிட்டேன்."

நார்சா அந்தச் சிவந்த மூக்குத்தண்டையே பார்த்தாள். கட்டைகள் தட்டும் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மைதானத்துக்குப் போகும் மோரியன் கூட்டத்திலிருந்து ஒருவன் பிரிந்து வந்து கடை முன்னால் நின்றான். காகிதப் பூக்கள் வெயிலில் வெளுத்திருந்தன. இடது கண் சரிந்திருந்தது. வெறும் முகத்தோடு தெம்யோங் இந்தப் பக்கம். அவனுக்கு ஒரு கை தூரத்தில் அது.

நேற்று மாலை தேய்த்த சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவள் கண்துளைகளைப் பார்த்தாள். வெளி வெயில் அவ்வளவு பளீரென்றிருந்ததால் உள்ளே இருட்டுத்தான் தெரிந்தது. உடம்பைப் பார்த்தாள், அட்டைக் கவசத்துக்குள் எந்த உடம்பும் ஒரே அகலம்தான். பிறகு கைகள். இரண்டிலும் பழைய துணிக் கையுறை. டாடோவின் இடதுகைச் சுண்டுவிரலில் நுனி கிடையாது, படகு எஞ்சினின் பெல்ட் கொண்டுபோய்விட்டது. அந்த விரலைப் பிடித்துப் பார்த்தால் போதும். அது பெயர் சொல்வதாகாது, கேட்பதாகாது. ஆகாதா?

வலதுகை தட்டின் மேல் நீண்டு, கருகியதன் மேலே வந்து நின்றது. எடுக்கவில்லை. இத்தனை வருஷம் திருடிக்கொண்டு ஓடியது, இன்று கொடுக்கட்டும் என்று காத்திருந்தது.

"கொடுத்திரு நார்சா" என்றான் தெம்யோங் மெதுவாக. "பாவம், வெயில்ல நிக்கிறான்."

பின்னால் ஈரத்துணியோடு அனலின் வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. நார்சா பிபிங்காவை வாழையிலையோடு எடுத்து நீட்டினாள். அதை வாங்க முன்னால் சாய்ந்த மோரியன், இடதுகையை மேஜைமேல் ஊன்றினான். ஊன்றிய கை அவள் கைக்குப் பக்கத்தில், தொடும் தூரத்தில் இருந்தது. அவன் அதை எடுக்க அவசரப்படவில்லை. எண்ணிக்கொள் என்பதுபோல அங்கேயே வைத்திருந்தான்.

அவள் தொடவில்லை. "போடா திருடா" என்றாள். கத்த நினைத்தது, பாதிதான் வந்தது.

மைதானத்தில் முரசு அடித்தார்கள். கை மேஜையைவிட்டு எழுந்தது. கட்டைச் சத்தம் கூட்டத்துக்குள் போய், மற்றச் சத்தங்களோடு சேர்ந்து, எது அவனுடையது என்று பிரிக்க முடியாமல் ஆயிற்று.

மேஜையில், வெள்ளை மாவில், ஒரு கை பதிந்திருந்தது. நார்சா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நகரும்மா, துடைக்கிறேன்" என்று அனலின் துணியோடு குனிந்தவள், பாதியில் நின்றாள். அவள் பார்வை மாவின் மேல் இருந்தது. "அம்மா..."

"சொல்லாதே" என்றாள் நார்சா.

பார்க்காமலே கையை நகர்த்தி, விரல்களை அகல விரித்து, அந்தத் தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். மாவு வெதுவெதுப்பாக இருந்தது. தெம்யோங் குடையை விரித்தான். அதன் நிழல் மேஜைமேல் மெல்ல நகர்ந்து வந்து, அவள் கையின் மேல் நின்றது.