பின்சீட்டிலிருந்து ஒரு பதில்

மணிமேகலை காது ஆபரேஷன் செய்துகொண்டது குக்கர் விசில் கேட்பதற்காக இல்லை. விசில் வந்தால் பக்கத்து வீட்டுக்காரியே வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போவாள். அவளுக்கு வேண்டியது புருஷன் நாச்சிமுத்துவின் மெல்லிய குரல். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வயசில் சொன்னால் ரெட்டியார்சத்திரமே சிரிக்கும்.

கல்யாணமான புதிதில் ஒற்றை அறை வீடு. குறுக்கே கட்டிய சேலைக்கு அந்தப் பக்கம் மாமனார், மாமியார், கொழுந்தன். ஆசையோ சண்டையோ, எல்லாம் குசுகுசுப்புத்தான். அதே பழக்கம் நாச்சிமுத்துவின் மொபெட் வண்டியிலும் வந்தது. அப்போது அவள் முருங்கைக்காய் மாதிரி இருப்பாள், பின்சீட்டில் ஆள் இருப்பதே தெரியாது. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும், திரும்பிப் பார்க்காமல் அதே மெல்லிய குரலில் கேட்பான்.

"இருக்கியா புள்ள?"

"இருக்கேன் மாமா. எங்க போயிறப் போறேன்?"

வழியில் எத்தனை வேகத்தடையோ அத்தனை தடவை கேட்பான். அவளும் சலிக்காமல் சொல்வாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு காது மந்தமாகிக்கொண்டே வந்தது. கூடவே உள்ளுக்குள் ரைஸ்மில் ஓடுகிற இரைச்சல், ராத்திரி பகல் இல்லாமல். "செவிடன் காதுல ஊதுன சங்கு" என்று கொழுந்தன் பெண்டாட்டி பழமொழி எடுத்துவிட்டாள். பாவி மகள், அது மட்டும் வாயசைவிலேயே புரிந்து தொலைத்தது. நாச்சிமுத்து கத்தக் கற்றுக்கொண்டான். மோட்டார் போட்டியா, சோத்துக்கு வெஞ்சனம் என்ன, எல்லாம் கத்தல்தான். அவர்கள் வீட்டு வெஞ்சனம் தெருவுக்கே தெரியும். ஆனால் கத்திச் சொல்ல முடியாத பேச்சு என்று ஒன்று இருக்கிறதே, அது நின்றுபோனது. மணிமேகலைக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

காதுக்குள் அரிசியைவிடச் சின்ன எலும்பு ஒன்று இறுகிவிட்டது என்றார் திண்டுக்கல் டாக்டரம்மா. வலது காதில் அதை எடுத்துவிட்டு மாற்று வைத்தார். கொஞ்ச நாளில் உலகம் தடதடவென்று உள்ளே வந்தது. வாசல் பெருக்குகிற சத்தம், தாளிக்கிற சத்தம், சொந்தக் கொலுசு. ரைஸ்மில் நிற்கவில்லை, ஆனால் அடுத்த ஊருக்குக் குடிபோனது மாதிரி தூரத்தில் ஓடியது. நாச்சிமுத்து மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

"மெல்லப் பேசுங்க மாமா. எனக்குத்தான் கேக்குதே."

"சரி" என்று கத்தினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மெல்ல என்னத்தப் பேச?" என்று கேட்டுவிட்டு, கூச்சப்பட்டுத் தோட்டத்துக்கு நடந்துவிட்டான்.

மணிமேகலை அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். காது வந்துவிட்டது, அந்தக் குரல்தான் போயே போய்விட்டது என்று நினைத்தாள்.

காது குலுங்கக் கூடாதென்று டாக்டரம்மா வண்டிச் சவாரியைத் தடுத்திருந்தார். எங்கே போனாலும் பஸ்தான். கடைசிச் செக்கப்பில், இனி வண்டியில் போகலாம் என்றார். மறுநாள் காலை, பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பிய நாச்சிமுத்துவின் எக்ஸ்எல் மொபெட்டில் அவளும் ஏறினாள். முன்னால் மல்லிகை மூட்டை, பின்னால் அவள். இப்போது அவள் முருங்கைக்காய் இல்லை, பரங்கிக்காய். ஏறினால் டயரே சொல்லிவிடும். ஒருக்களித்து உட்கார்ந்ததில் வலது காது அவன் முதுகுப் பக்கம் இருந்தது.

பள்ளிக்கூடத்து வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது.

"இருக்கியா புள்ள?"

அதே குரல். கேட்டுவிட்டு அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது இன்றைக்குப் புதிதாகக் கேட்டது இல்லை. இத்தனை வருஷமும் ஒவ்வொரு வேகத்தடையிலும் கேட்டிருக்கிறான். அவள் பாட்டுக்குக் காதுக்குள் மில்லை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பதில் வராத பின்சீட்டிடம் கேட்டுக்கொண்டே போயிருக்கிறான். மணிமேகலை அவன் முதுகுப் பக்கம் சாய்ந்து சொன்னாள்.

"இருக்கேன் மாமா."

வண்டி ஓரமாக நின்றது. நாச்சிமுத்து திரும்பவில்லை. இறுக்கமாக இருந்த பூ மூட்டைக் கட்டையே இன்னொரு தடவை இறுக்கினான்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. எப்பவும் கேப்பீகளா?"

"அது பாட்டுக்கு வாயில வந்துரும்." பிறகு அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "இன்னொருக்கச் சொல்லு" என்றான்.

"இருக்கேன் மாமா. எங்க போயிறப் போறேன்?"